இங்கிலீஷ் எழுத்தில் எட்டுப் பக்கம்

எங்கள் ரூமில் கம்பி கட்டும் வேலை பார்க்கிற தெலுங்குக்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் தெலுங்கு எம்.ஏ. படித்தவர். துபாயில் எங்கள் அல் குசைஸ் லேபர் கேம்பில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

போன வருஷம் அவர்கள் மொழிச் சங்கம் விழாவுக்கு ஒரு கட்டுரை கேட்டது. இவர் ஒரு பழைய பண்டிதரைப் பற்றி எழுதினார். செய்யுளைத்தான் எழுத்தென்று மதித்த காலத்தில், சென்னையில் வாத்தியாராக இருந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உரைநடையில் கதையும், சின்னச் சின்ன விதிகளாக இலக்கணமும் எழுதியவராம். டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினார். மேடையில் தானே பேசப்போவதாக ஊரிலிருக்கும் மகளிடம் சொல்லி, போனில் நேரலை பார்க்கச் சொல்லியிருந்தார்.

பிறகு சங்கச் செயலாளர் கூப்பிட்டார். தெலுங்கு வார்த்தைகளை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். இவர் ஏன் என்று கேட்காமல் எட்டுப் பக்கத்தையும் மறுபடி எழுதி அனுப்பினார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

விழாவில் விஷயம் புரிந்தது. ஒரு கம்பெனி மேனேஜர் மேடையேறி, "என்னுடைய ஆராய்ச்சி" என்று ஆரம்பித்து, போனைப் பார்த்து இவருடைய கட்டுரையை வாசித்தார். தெலுங்குக்கு இலக்கணம் எழுதியவரைப் புகழ வந்த மனுஷனுக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. வெட்கமில்லாமல் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என்மேலேயே எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கூப்பிட்டாள். அவர் நன்றாகத்தான் படித்தார் என்று இவர் தெலுங்கில் சமாளித்தது எனக்குப் புரிந்துதொலைத்தது.

இந்த வருஷமும் செயலாளர் கட்டுரை கேட்டார். இவரும் சரி என்றுவிட்டார்.

"உங்களுக்கு ரோஷமே இல்லையாண்ணே?" என்று கத்தினேன்.

அவர் எழுதி முடித்து, போட்டோ எடுத்து அனுப்பினார். அத்தனை பக்கமும் தெலுங்கு எழுத்து. செயலாளர் உடனே கூப்பிட்டு இங்கிலீஷ் எழுத்து எங்கே என்றார்.

"அது மாஃபி சார், கிடையாது," என்றார் இவர். "இதைப் படிக்கத் தெரிஞ்சவர் மேடை ஏறட்டும். யாரும் இல்லேன்னா சொல்லுங்க, நான் வர்றேன்."

இன்னும் பதில் வரவில்லை. வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வைத்திருக்கிறார். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் விழாவுக்கு நானும் கூடப் போகிறேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டேன்.