பெரியப்பா தின்ற பன்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது எழுந்தேன், பல் துலக்கினேன், வெந்நீர் குடித்தேன், நாளிதழை மடிப்புக் கலையாமல் படித்து முடித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், முந்தின இரவு ஊறவைத்த காராமணியைக் கொதிக்கவிட்டு, முதல் கொதி நீரை வடித்துக் கொட்டினேன். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“அதுல ஒரு ரசம் வெச்சிருப்பனேடா! சாக்கடைல ஊத்திக்கினு நிக்கற?”

“துவர்ப்பு போவணும்க்கா. ஜப்பான்ல இப்படித்தான்.”

“ரசம் வெக்கத் தெரியாதவங்க கொட்டுவாங்க. உனக்கு இன்னா வந்துது?”

நகோயாவுக்குப் பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு விடுப்பில் வந்திருந்தேன். ஆலையில் சேர்ந்த புதிதில், தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் ஒரு பன்னைக் கொடுத்தார். உள்ளே உருளைக்கிழங்கு மசாலா இருக்கும் என்று நம்பிக் கடித்தேன். இனிப்பான பயறு! அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன். அதன் பெயர் ஆன்பான். பதில் மரியாதையாக மறுநாள் சுண்டல் எடுத்துப் போனேன். மிளகாய் தாளித்த பயற்றில் ஒன்றே ஒன்றை அவர் வாயில் போட்டு, “ஓய்ஷீ, ஓய்ஷீ” என்று ருசியைப் புகழ்ந்து, டப்பாவை மெல்ல மூடிவைத்தார். அங்கே ‘வேண்டாம்’ என்பதைப் புகழ்ச்சியாகச் சொல்வார்கள் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

எங்கள் ஊரில் அவ்வளவு சுற்றிவளைப்பு கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு சரி. இனிப்பை வாயில் போட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். அன்று பிற்பகல் அக்கா மகள் சுகன்யாவைப் பார்க்க வடக்கனந்தலிலிருந்து வருவதாக இருந்தது. உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் பையனும் இவளும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போயிருந்தார்கள். பையனின் அம்மாவுக்கும் விருப்பம்தான். ஆனால் அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவரோ மறுநாள் திருக்கோவிலூரில் இன்னொரு பெண்ணைப் பார்க்க நேரம் குறித்துவைத்திருந்தார்.

“தொடமாட்டாங்கன்னாலும் தட்டு வெக்கணும்டா,” என்றாள் அக்கா. “லட்டு எல்லார் வூட்லயும் இருக்கும். ஜப்பான் பலகாரம் யார் வூட்ல இருக்குது?”

அக்கா வீட்டில் அடுமனை அடுப்பு இல்லை. குக்கரில் மணல் பரப்பி, ரப்பரும் வெயிட்டும் எடுத்துவிட்டு, ஓர் ஈட்டுக்கு மூன்று பன்னாக வேகவைக்கத் திட்டம். மாவை எடைபோட்டு உருட்டி, மசித்த காராமணியில் சர்க்கரை மட்டும் சேர்த்துக் கிளறிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் ஏலக்காய் மணம். அக்கா தேவைக்கு மேல் மும்முரமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னா போட்ட?”

“ஒண்ணும் போடல. கொஞ்சம் வெல்லம், ஏலக்கா, தேங்கா. அவ்ளோதான்.”

அது இனி ஆன்பான் ஆகாது என்றேன். சுகன்யா, “மாமா, ஆனது ஆச்சு, வேவ வெய்யுங்க,” என்று கெஞ்சினாள். வேகவைத்தேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்ததும் பெரியப்பாவின் பார்வை தட்டில் விழுந்தது.

“யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கம் பன் என்பது காய்ச்சல்காரர்களுக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது; ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வாங்கிப் போவது. அந்நேரம் பார்த்துக் காபித் தட்டோடு வந்த சுகன்யா தும்மினாள். பையனின் அம்மா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“இது ஜப்பான் பன்னுங்க,” என்று அவசரமாகச் சொன்னேன். “அங்க நல்லா இருக்கறவங்களும் சாப்புடுவாங்க.”

“நல்லா இருக்கறவங்களே பன்னுதான் துண்றாங்களா? பாவம், அதான் இப்படி எளச்சிட்டீங்க.” சிரித்தபடி ஒன்றை எடுத்துக்கொண்டார் பெரியப்பா. அவர் தம்பி மனைவி, அதாவது பையனின் அம்மா, “மாமா, கை நனைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார்.

“பன்னு அதுல சேராதும்மா. ஆஸ்பத்திரில துண்றோம். அங்க இன்னா சம்பந்தமா பேசறோம்?”

பாதிப் பன் ஒரே கடியில் உள்ளே போயிற்று. இரண்டு முறை மென்றார். தாடை நின்றது.

“உள்ள பூரணம் இருக்குது.”

கூடமே அவர் வாயைப் பார்த்தது. பெண் வீட்டில் பூரணத்தைத் துப்புவதா? வேறு வழியின்றி விழுங்கினார்.

“வளர்பிறையில பூரணத்த துண்ணுட்டீங்களே மாமா,” என்றார் பையனின் அம்மா, முகத்தில் சிரிப்பே காட்டாமல். “நாளைக்கு எந்த வாயோட திருக்கோவிலூர் போவீங்க?”

“பன்னுன்னு நெனச்சுத்தாம்மா துண்ணேன்.”

“பன்னுதாங்க,” என்றாள் அக்கா பணிவாக. “உள்ளதான் பூரணம்.”

பெரியப்பா கையிலிருந்த மீதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் வாயில் போட்டுக்கொண்டு, “ஏலக்கா ஜாஸ்தி,” என்றார். “சரி, ராகு காலம் பொறக்கறதுக்குள்ள தேதியப் பேசுங்க.”

நான் திட்டமிட்டபடி செய்திருந்தால் அது ஏதோ வெளிநாட்டுப் பயறு என்று தப்பித்திருப்பார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. புறப்படும்போது பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தாய்மாமன் இல்லாத மணவறைல எங்க பையன் ஒக்காரமாட்டான். வந்துடணும்.” தலையாட்டிவிட்டேன். சுகன்யாவின் முகம் பூரித்தது. முன்னோரை வழிபட ஆலை கொடுக்கும் ஓபோன் விடுமுறை ஆடியோடு முடிந்துவிடுகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, வாசலில் நின்று மேற்பார்வையாளரைக் கைபேசியில் அழைத்தேன். அங்கே ஆலை தொடங்கியிருந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டேன், மணப்பெண்ணின் தாய்மாமன் என்றேன். “அதாவது, மணப்பெண்ணின் தந்தை அல்ல?” என்று கேட்டார். அல்ல. “அப்படியானால், கட்டாயமில்லை?” கட்டாயம் என்றேன், நான் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்றேன். அவர் விடுப்புப் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஜப்பானிய மொழியில் கெஞ்சினால் என் முதுகு தானாக வளைந்துவிடும். லுங்கியோடு, கிழக்கு பார்த்து, இடுப்பளவு குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். பால் ஊற்ற வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தத் திசையில் எந்தச் சாமி இருக்கிறது என்று திரும்பித் தேடினார். மேகமூட்டத்தில் சூரியன்கூடத் தென்படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.