கார்மென்ட்டுக்குப் போகாதே என்று சொன்னவள்

மாங்குளத்தில் எங்கள் சபை மண்டபத்தில் ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கானது. வேதம் வாசிப்போம், ஜெபிப்போம், பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக இருந்து எதிர்காலத்தைப் பற்றிக் கதைப்பேன். போதகர் இந்தப் பொறுப்பைத் தந்தபோது நான் பாலர் பாடசாலை ஆசிரியை. எதிர்காலத்தைப் பற்றி எனக்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள், நான் சொன்னதைக் கேட்டார்கள். பிழை அங்கேதான் நடந்தது.

மூன்றாவது வருடம் துணுக்காயிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாய் இல்லை. தகப்பன் மரம் ஏற்றும் லொறிகளில் கூலிவேலை. இரண்டு தம்பிமார். முதல் பஸ்ஸில் வந்து, நான் மண்டபத்தைத் திறக்கும் முன்னரே வாசலில் நிற்பாள். அவள் வேதத்தை வாசித்தால் மற்றப் பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பதை நிறுத்திவிடுவார்கள். புவியியல் ஆசிரியையாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இலங்கையின் ஆறுகளை எல்லாம் படம் பார்க்காமலே வரைவாள்.

பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. அதே கிழமை, கிளிநொச்சிப் பக்கத்தில் உடுப்புத் தைக்கும் கார்மென்ட் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். அவளும் பெயர் கொடுத்தாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை கார்மென்ட் வான் வருமாம். போகட்டோ?"

அந்த வான்கள் பின்னேரம் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாக வரும் பெண்பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

"வேண்டாம். இன்னொருக்கா சோதினை எழுது. கடவுள் உன்னை மெசினுக்கு முன்னால இருத்தவெண்டு படைக்கேல்லை. உனக்கெண்டு ஒரு இடம் வைச்சிருக்கிறார்."

"நிச்சயமாவோ அக்கா?"

"நிச்சயம்."

இருவரும் முழந்தாளில் நின்று ஜெபித்தோம். அவள் அழுதாள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை அவளுடைய இடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வானில் ஏறினாள்.

அந்த வருடம் தகப்பன் லொறியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சமையலும் ஆஸ்பத்திரியும் தம்பிமாரும் அவள் தலையில் விழுந்தன. அதற்கிடையில் படித்துப் பரீட்சை எழுதினாள். இந்த முறை ஒரு பாடத்தில் சித்தியடையவே இல்லை. கார்மென்ட்டுக்குப் போய்க் கேட்டாள். புதிதாக ஆள் எடுப்பதில்லை, இருப்பவர்களையே குறைக்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை.

நான் துணுக்காய்க்குப் போனேன். சோதனைகளைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் சொல்வதற்கு பஸ்ஸில் வசனங்களைத் தேடிக்கொண்டே போனேன். தகப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்டீ தந்தாள்.

"குவைத்துக்குப் பதிஞ்சிருக்கிறன் அக்கா. வீட்டுவேலை. தம்பியாக்களைச் சித்தி பாக்கிறனெண்டு சொல்லிட்டா."

அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்டு கேக்கட்டோ? கார்மென்ட்டுக்குப் போக வேண்டாம் எண்டது கடவுள் சொன்னதோ, நீங்கள் சொன்னதோ?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். தேடி வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"நான் சொன்னது," என்றேன்.

"ஓம். அப்ப சரி. இவ்வளவு நாளும் நான் அவரோட கோவிச்சுக்கொண்டிருந்தனான்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அக்கா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். போகும்முன் ஜெபிக்கட்டோ என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

குவைத்திலிருந்து ஒரேயொரு குரல்செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை, ஃபோனை வீட்டுக்காரி வாங்கி வைத்துக்கொள்கிறா என்றாள். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. சித்திக்கும் அவளைப் பற்றி அதிகம் தெரியாது.

வகுப்பு நடக்கிறது. இந்த வருடம் ஆறு பேரோடு தொடங்கினோம். போன மாதம் ஒரு பெண்பிள்ளை, வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், செய்யட்டோ படிக்கட்டோ என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, அம்மாவோடு கதைத்துப் பார் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. இன்னொருத்தியும் நின்றுவிட்டாள்.

ஏன் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று போதகர் கேட்டார். பஸ் ஒழுங்கில்லை என்று சொன்னேன்.