கேட்காத தெருவின் பதில்கள்

அந்த வருடம் நான் அதிகமாகப் பேசிய வாக்கியம், "வணக்கங்க, உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்து கேள்வி கேட்டாங்களா?" என்பதுதான்.

திண்டிவனத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், மாடியில் இரண்டு அறை. கணவரைப் பிரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள சென்னை கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அம்மாவும் போய்விட்ட பிறகு திரும்பிப் போக மனசு வரவில்லை. போனில் பேசுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். வீட்டிலிருந்தே போன் பேசுகிற ஒப்பந்த வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வேலை இதுதான். இந்த நாடு இன்னும் முப்பது வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய இடத்தில் ஒரு திட்டம் எழுதப்போகிறார்கள். அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதாமல், மக்களிடமே கேட்டு எழுத வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேட்க, கையில் டேப்லெட்டோடு ஆட்களை அனுப்பினார்கள். பெயர், வயது, தொழில், அதற்கடுத்து ஒரே ஒரு பெரிய கேள்வி: "உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் வயதுக்கு வரும்போது இங்கே வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும்?" சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்ய வேண்டும். நான் பத்து வீட்டுக்கு ஒரு வீடு போன் போட்டு, ஆள் வந்தது உண்மையா, பதிவானது அவர் சொன்னதுதானா என்று சரிபார்க்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் மாலைவரை பேச்சு. 'நல்வாழ்வுத் திட்டம்' என்று அதன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாலே பாதிப் பேர், "ஆஸ்பத்திரிங்களா? ஊசி போட வர்றீங்களா?" என்பார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கிற நேரமாக இருந்தால், "கொல்லியில நிக்கிறேன் தாயி, ஜல்தி கேளு" என்பார்கள். கிளியனூர்ப் பக்கம் ஒரு அம்மாள், "நா சொன்னத எழுதி வச்சாளா அந்தப் பொண்ணு? எங்க, படி" என்று கேட்டு, நான் படித்ததும், "ஆமா, சரியாத்தான் எழுதிக்கிறா" என்று சிரித்தாள். தண்ணீர், ரோடு, பையனுக்கு வேலை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. பதில்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். இவை சின்ன ஆசைகள் என்று நான் நினைத்ததில்லை.

மாலையில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்ததும் காதில் 'ஙொய்' என்று கேட்கும். அதற்குப் பிறகு மறுநாள் ஒன்பது மணிவரை எனக்கென்று ஒரு போனும் வராது. நாற்பது பேரோடு பேசிய நாளில்கூட, பால் பாக்கெட் வாங்கும்போது என் தொண்டையிலிருந்து வருகிற குரல் வேறு யாருடையதோ போல இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள், வளவனூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரின் பட்டியல் வந்தது. ஒரே தெரு. எல்லாவற்றையும் எடுத்தது ஒரே ஆள். பட்டியலில் அவருக்கு வெறும் எண்தான். முதல் பதிவு: ஆண், அறுபத்திரண்டு வயது, விவசாயி. பதில்: "நான் சொல்கிறதை நடுவில் வெட்டாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் பதில் சொல்கிற ஆள் ஒருத்தராவது பக்கத்தில் இருக்க வேண்டும்."

போன் போட்டேன். அவரே எடுத்தார்.

"யாரும் வரலியே மேடம். எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"உங்க பதில்னு ஒண்ணு பதிவாயிருக்குங்க. படிக்கிறேன்." படித்தேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றார்.

படித்தேன்.

"நா சொல்லல. ஆனா அப்படியே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்துக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டு, அடுத்த எண், அதற்கடுத்த எண் என்று அந்தத் தெருவில் பதினோரு வீட்டுக்கு அன்று பேசினேன். பதினோரு பேருமே யாரும் உள்ளே வந்து எதுவும் கேட்கவில்லை என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும், "கழுத்துல பை மாட்டிக்கினு ஒருத்தி வாசல் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தா. அப்பறம் வான்னு சொன்னேன்" என்றாள்.

அத்தனை பதில்களும் கற்பனை. விதிப்படி நான் அன்றே அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். "பஸ்ஸில் இடம் காலியாக இருந்தால், பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்காமல் ஜனங்கள் உட்கார வேண்டும்." "காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தால், மூன்றாம் நாளாவது ஏன் ஆளைக் காணோம் என்று ஒருத்தர் கேட்க வேண்டும்."

இதை மறுபடியும் மறுபடியும் படித்தேன். முந்தைய மாதம்தான் காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிற சத்தத்தை வைத்துத்தான் காலை எது, சாயங்காலம் எது என்று தெரிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போன் கால் எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று கேட்பதற்கு. அந்தத் தெருவில் யாரும் சொல்லாத ஒரு பதிலில் என் படுக்கை இருந்தது.

இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அந்த எண்ணுக்குரிய ஆளின் போன் நம்பரைத் தேடியெடுத்துக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சந்தித்தோம். அவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், தபாலில் பி.ஏ. முடித்தவள், அந்த ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காலனியில் வீடு என்று அவளே சொன்னாள். காபி ஆறிப்போகும்வரை டம்ளரைத் தொடவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம். தப்பு பண்ணது நான்தான்" என்றாள்.

"ஏன் பண்ணீங்க?"

"மூணு நாள் போனேன். வெளிய போன்னு யாரும் சொல்லல. உள்ள வான்னும் சொல்லல. எந்தூரும்மான்னு கேட்டாங்க. சொன்னேன். அப்பறம் வா, ஆம்பள வரட்டும், சாமி கும்புடற நேரம். இப்படியே. ஒரு வூட்ல வெயில்ல அரமணி நேரம் நின்னுக்கினு இருந்தேன், உள்ள டிவி ஓடிக்கினு இருக்குது. ஆபீஸ்ல சொன்னா தெரு மாத்திக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். மாத்தினா எங்க ஏரியாவுக்கே போடுவாங்க. எங்க ஆளுங்கன்னா எங்க ஆளுங்களத்தான் கேக்கணுமான்னு ஒரு வீம்பு. நாலாம் நாளு பஸ் ஸ்டாப்புல உக்காந்து நானே எழுத ஆரம்பிச்சிட்டேன்."

"அந்தப் பதிலெல்லாம்?"

"எம் மனசுல வந்ததுதான். அந்தக் கேள்விய எத்தன பேர்கிட்ட கேட்டுட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கும் பதில் வந்துடுச்சி. எங்க எழுதறது? ஃபீல்டுல இருக்கறவங்க தன்னோடத போடக்கூடாதுன்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தத் தெருவு ஆளுங்க பேசினா இப்படித்தான் பேசணும்னு எழுதினேன்" என்றாள்.

காய்ச்சல் பதிலைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன். "மறுபடி போகலாம், நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவர், கெட்டவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், பேஜார் பண்ணாதீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதன்கிழமைக்குள்ள திரும்ப எடுத்துக் குடுங்க. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் அந்தத் தெருவுக்குப் போனோம். முதல் வீட்டில் ஒரு அம்மாள் என்னை எந்த ஊர் என்று கேட்டாள். அப்பாவின் ஊரைச் சொன்னேன். கேட்டது ஊரை அல்ல என்பது எனக்கும் தெரியும், கூட நின்றவளுக்கும் தெரியும். அந்த அம்மாளின் முகம் இளகியது. "உள்ள வாம்மா" என்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஒரே ஒரு நாற்காலி.

நான் உட்கார்ந்தேன்.

அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். காலையிலிருந்து நடந்த களைப்பு, உட்காராவிட்டால் பேச மாட்டார்களோ என்ற பயம், எல்லாக் காரணங்களும் உண்டு. அவள் வாசற்படிக்கு வெளியே நின்றபடி டேப்லெட்டில் டைப் செய்தாள். நான் கேட்டேன், அவர்கள் எனக்குப் பதில் சொன்னார்கள், அவள் எழுதினாள். இரண்டாவது வீட்டிலிருந்து நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே கேட்டேன். அதனால் முதல் வீட்டில் உட்கார்ந்தது இல்லை என்று ஆகிவிடாது.

கரும்பு லாரி போகிற ரோடு, கால்வாய் தூர் வாருவது, பெண்ணுக்குக் காலேஜ் பஸ். பதில்கள் வந்தபடி இருந்தன. கடைசிக்கு முந்தைய வீடு அந்த அறுபத்திரண்டு வயதுக்காரருடையது. என் குரலைக் கேட்டதும் கண்டுகொண்டார்.

"போன்ல படிச்சது நீங்கதானே? அதே பதிலப் போட்டுக்கங்க. மாத்தாதீங்க."

"அது நீங்க சொன்னது இல்லீங்களே. இவங்க எழுதினது" என்றேன்.

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அவளும் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீயாம்மா எழுதின?"

"ஆமாங்க."

"அத நா சொன்னதா வச்சிக்க முடியாதா?"

"முடியாதுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உங்களோடத சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பார்த்தார். வீட்டில் வேறு ஆள் இருக்கிற சத்தமே இல்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார்: "போர்ல தண்ணி கீழ போய்க்கினே இருக்குது. எங்கப்பா காலத்துல கெணத்த எட்டிப் பாத்தா மூஞ்சி தெரியும். எம் பேரன் காலத்துல மூஞ்சி தெரியாட்டியும் போவுது, மோட்டாரு போட்டா தண்ணி வரணும். அவனுக்கு இங்க வந்து இருக்கணும்னு தோணணும். இது ரெண்டையும் எழுதிக்க."

அவள் எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். நடுவில் வெட்டாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிதான்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போலியாகப் பதிவு செய்தவரை வைத்துக்கொள்ள மேலே ஒத்துக்கொள்ளவில்லை என்றார் சூப்பர்வைசர். அவளை அனுப்பிய தெருவில் மூன்று நாள் என்ன நடந்தது என்று நான் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் இல்லை. நான் விதியை மீறி அவளைக் கூப்பிட்டதை யாரும் கேட்கவே இல்லை. என் ஒப்பந்தம் பங்குனிவரை ஓடியது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பரவால்லக்கா. தெரிஞ்சதுதானே" என்றாள். முதல்முறையாக மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றாள். தொழிலாகப் போன் பேசுகிறவள் நான். ஆனாலும் அதற்கு மேல் பேசத் தெரியாமல், "உடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டேன்.

அறிக்கை வந்தபோது போனிலேயே படித்தேன். தடிமனான அறிக்கை. நீர், சாலை, வேலை, மருத்துவம் என்று வண்ண வண்ணமாக வட்டங்கள். கடைசியில் 'பிற' என்று மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. கிணற்றுத் தண்ணீர் நீலத்தில் எங்கேயோ இருக்கும். பேரனுக்கு வந்து இருக்கத் தோன்ற வேண்டும் என்றது சாம்பலில் இருக்கலாம். அவளுடையது எதிலும் கிடையாது. நானும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் என்ற சொல்லைத் தாண்டி என்னால் உள்ளே போக முடிந்ததில்லை.

சித்திரையில் ஒருநாள், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே சிக்னலில் ஒரு கம்பெனி வேன் நின்றது. உள்ளே நீல யூனிபார்மில் பெண்கள். ஜன்னலோரம் அவள். அவள்தான் என்னை முதலில் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அக்கா, நல்லாக்கிறீங்களா? இங்கதான் வேலைக்கி வர்றேன்."

"நல்லாருக்கேன். நீங்க?"

"நல்லாக்கிறேன். ஒரு நாளு வூட்டுக்கு வாங்கக்கா."

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

வேன் நகர்ந்தது. மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் ஒரு தெருவின் ஒவ்வொரு வாசலும் எனக்குத் தெரியும். அவள் வீடு எந்தத் தெருவில் என்று நான் கேட்டதே இல்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று ஆறு மாதம் போய்விட்டது.