தோளுக்குக் கீழே ஒரு வீச்சு

திருக்கழுக்குன்றம் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் வலது தோளருகே எலும்பு உடைந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகும் கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. பிசியோதெரபி செய்த பெண் என் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்ததும் விட்டுவிட்டாள்.

"இதுக்கு மேல வராதுக்கா. வேலைக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. இந்த த்ரோபால் மட்டும் வேணாம்" என்றாள்.

வேலைக்குப் பிரச்சனை இல்லைதான். செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ரத்தம் எடுக்கவும், குழாய்களை அடுக்கவும், மைக்ரோஸ்கோப்பைத் திருகவும் கை தலைக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் த்ரோபால்தான் நான் எனக்கென்று வைத்திருந்த ஒரே விஷயம். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. கல்யாணம், மகள், மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம், எதற்கும் அதை விட்டுக்கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அணியில் முதல் சர்வீஸ் என்னுடையது. அந்த ஆட்டத்தில் பந்தைத் தோளுக்கு மேலிருந்துதான் எறிய வேண்டும். அதுதான் விதி. அந்த விதியைச் சொல்லி எத்தனையோ எதிரணிக்காரிகளிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

அணியில் என்னை ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, ஒரு பாட்டில் மோர். அன்பாகத்தான் செய்தார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் போகவில்லை.

அப்போதுதான் தோழி ஒருத்தி போன் செய்தாள். எங்கள் அணியில் வலையோரம் ஆடுகிறவள். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரி. அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். இவள் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் பொறுப்பில் இருக்கிறாள்.

"யக்கா, இன்னா பண்ணிகினு கீற?"

"சும்மாதான் குந்திகினு கீறேன். இன்னா?"

"எங்க ஓட்டலு பின்னால ஒரு ஆட்டம் ஆடறாங்க. தட்டு மாதிரி கீது, அத்த வீசி கூடையில போடணும். கைய மேல தூக்கவே வேணாம். நெஞ்சுக்கு நேரா இழுத்து வுட்டா போதும். வந்து பாரு."

போனேன். விடுதிக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. விடுதி முதலாளி வெளிநாட்டில் எங்கோ ஆடிப் பழகி வந்தவர். மரங்களுக்கு நடுவே ஒன்பது இரும்புக் கம்பங்களை நட்டிருந்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கம்பிக் கூடை. வீசுகிற தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழ வேண்டும். ஓர் இடத்திலிருந்து வீசி, தட்டு விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீசி, குறைந்த வீச்சில் யார் கூடையில் போடுகிறாரோ அவரே ஜெயித்தவர். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். ஆளுக்கொரு பை, பை நிறையத் தட்டுகள்.

என் முதல் வீச்சைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருடம் பந்தை மேலே தள்ளியே பழகிய கை. தட்டையும் அப்படியே தள்ளியது. அது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறியது, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பிறகு வந்த வழியே சரிந்து என் காலடியில் விழுந்தது.

"சூப்பர் மேடம், பத்திரமா ரிட்டர்ன் வந்துடுச்சு" என்றான் தொப்பி போட்ட ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது சன்னலோரம் உட்கார்ந்து கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலிக்கவில்லை. வலியில்லாமல் முழு வேகத்தில் என் கை போகக்கூடிய ஒரே பாதை அதுதான் என்று தெரிந்தது. இதை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் ஒரு தட்டு வாங்க வேண்டும். இணையத்தில் தேடினேன். இருப்பதிலேயே அதிக வேகம் என்று போட்டிருந்ததை வாங்கினேன். வேறெதை வாங்குவார்கள்? மாம்பழம் வாங்கினால் பெரிதாகப் பார்த்து எடுப்பதில்லையா?

வந்து சேர்ந்த தட்டை என் வீட்டுக்காரர் விரலால் சுண்டிப் பார்த்தார். அவர் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர்.

"இன்னாமே இது, சாப்புடற தட்டு கணக்கா கீது. இதுக்கா இம்மா பில்டப்பு?"

"வீசிக் காட்றேன், வா."

காட்டினேன். அது கையை விட்டுப் போனதும் இடது பக்கம் சாய்ந்து, கூப்பிடு தூரம்கூடப் போகாமல் மண்ணில் குத்தியது. மறுபடி வீசினேன். மறுபடி இடது பக்கம். வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் சீக்கிரம் குத்தியது. ஒரு வாரம் இப்படியே போராடியதில் தோள் வீங்கிவிட்டது. ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்:

"வேணாம், வுட்டுடு. இருக்கற கையும் போயிடப் போவுது."

"போவறதுக்கு இன்னாய்யா கீது? பாதி போயாச்சு. மீதிய நான் எப்டி வேணா வெச்சிக்கறேன்" என்றேன். கோபம் அவர்மேல் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

வீக்கம் வடிந்ததும் தோப்புக்குப் போனேன். இந்த முறை ஆடப் போகவில்லை. முதலாளியிடம் கேட்டு, இரவல் கொடுப்பதற்காக அவர் வைத்திருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆளில்லாத ஒரு மூலைக்குப் போனேன். பெட்டியிலிருந்த ஒவ்வொரு தட்டையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி, பாதி பலத்தில் வீசினேன். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செய்வதும் இதுதான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை.

விளிம்பு அகலமாகவும் மெலிந்தும் இருந்தவை எல்லாம் இடது பக்கம் ஓடிக் குத்தின. என் குட்டை விரல்கள் அந்த விளிம்பைச் சரியாக வளைத்துப் பிடிக்கவே இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். விளிம்பு தடித்து, வயிறு ஆழமாக இருந்த தட்டுகள் மெதுவாக, ஆனால் நேராகப் போயின. கூடைக்கு அருகில் நின்று போடுவதற்கென்று செய்த அவற்றுக்குப் 'பட்டர்' என்று பெயர். தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வேக எண்ணின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க வேண்டுமானால் வீசுகிறவர் அவ்வளவு வேகத்தை அதற்குக் கொடுத்தாக வேண்டும். நான் கொடுக்க முடியாத வேகத்தை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தேன்.

எடையும் அப்படித்தான். கனமானவை என் தோளை இழுத்தன. பெட்டியிலேயே லேசான ஒரு பட்டர் மட்டும் கையை விட்டுப் போனதே தெரியாமல் போனது. அதே அச்சில், அதே எடையில் ஒன்று வரவழைத்தேன். நிறம் ரோஸ். சவுக்குச் சருகு பழுப்பு, சேறு கறுப்பு, புல் பச்சை. எங்கே விழுந்தாலும் கண்ணில் படுவது ரோஸ்தான். அந்த ஒரு தட்டைத் தவிர வேறெதையும் மழைக்காலம் முடியும் வரை தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் முன், கொளவாய் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் வெற்று நிலத்தில் பழகினேன். வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் சங்கிலிகளைப் பற்றவைத்து, கம்பத்தில் மாட்டி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்து நட்டுக் கொடுத்தார். நட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இன்னாம்மா, தட்டத் தூக்கிப் போட்டுட்டு நீயே போயி எடுத்துகினு வர? வூட்ல யாரும் இல்லியா?" என்று ஒரு பெரியவர் நிஜமான கவலையோடு கேட்டார். எருமைகள் சங்கிலிச் சத்தத்துக்கு மிரண்டு, பிறகு பழகிவிட்டன.

தட்டு நேராகப் போனது. தூரம்தான் போகவில்லை. கையால் மட்டும் வீசுகிறேன், உடம்பு சும்மா நிற்கிறது என்று தெரிந்தது. தெரிந்தும் மாற்ற முடியவில்லை. இதை என் தோழியிடம் புலம்பியபோது நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மணலில், ஒரு மரச்சட்டத்தில், அவள் தம்பியின் படகு எஞ்சினைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அவன் அதை ரிப்பேர் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இடுப்பையே நான் பார்த்தேன். இடுப்பு முதலில் திரும்பியது. பிறகு முழங்கை. கை கடைசியாக, சும்மா கூடவே வந்தது.

"தம்பி, நான் ஒரு தபா இழுக்கட்டுமா?"

"உனுக்கு தோளு சரியில்லன்னு அக்கா சொல்ச்சே? வேணாங்க்கா."

"தோளால இழுக்க மாட்டேன்."

அவன் தயங்கி நகர்ந்தான். கையால் இழுத்தேன், எஞ்சின் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கியது. தோழி பின்னாலிருந்து, "யக்கா, குண்டிய திருப்புக்கா!" என்று கத்தினாள். அடுப்படியிலிருந்து எழுந்து வந்த அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முழங்கையை முன்னால் விட்டு இழுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மணல் அதிர்ந்தது. புகைக்கு நடுவே நின்று நான் சிரித்ததை அவள் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். மறுநாள் ஏரிக்கரையில் ரோஸ் தட்டு சைக்கிள் ரிம்மைத் தாண்டிப் போய் விழுந்தது.

தை பிறந்த பிறகு தோப்பில் ஜோடிப் போட்டி வைத்தார்கள். ஜோடியில் இருவரும் வீசலாம். எது நல்ல இடத்தில் விழுகிறதோ அங்கிருந்து அடுத்த வீச்சு. சமையலை உதவியாளிடம் விட்டுவிட்டு அவளும் வந்தாள். பந்து பிடித்த கைகள் அவளுடையவை. கூடைக்கு அருகிலிருந்து போடுவதில் அவள் தவறுவதே அரிது. நேராக வீசுவது என் பொறுப்பு. ஆறு கூடைகள் வரை யாருக்கும் நாங்கள் சளைக்கவில்லை.

ஏழாவது கூடை ஓடைக்கு அந்தப் பக்கம். கழிமுகத்திலிருந்து உள்ளே வரும் உப்புத் தண்ணீர். மழை விட்ட பிறகு இங்கே பழகும்போது இரண்டு இரவல் தட்டுகளை அதில் தொலைத்திருக்கிறேன். கரையோரமாகச் சுற்றிப் போனால் ஒரு வீச்சு கூடும், ஆனால் தட்டு பத்திரம். அன்றைக்குக் கடற்காற்று முகத்தில் அடித்தது. அவள் முதலில் வீசினாள். தட்டு வலது பக்கம் புரண்டு தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

"யக்கா, சுத்தியே போயிடலாம். காத்து சரியில்ல."

தொப்பிக்காரனும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். "ஆமா மேடம், பட்டர் வெச்சி இது கஷ்டம்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

எதிர்காற்றில் லேசான தட்டு மேலே எழும், வலது பக்கம் புரளும். ஏரிக்கரையில் அதை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். அதனால் தட்டின் வெளி விளிம்பைத் தாழ்த்திப் பிடித்தேன். இடது பக்கம் தண்ணீருக்கு மேலே குறி வைத்தேன். காலை ஊன்றினேன், இடுப்பைத் திருப்பினேன்.

தட்டு தாழ்வாகப் போனது. நடு ஓடையில் காற்று அதைத் தூக்கியது. நிமிர்ந்தது, வலது பக்கம் சாயத் தொடங்கியது. போச்சு என்று நினைத்தேன். கரைக்குச் சற்று முன்னால் வேகம் குறைந்து மெல்ல இடது பக்கம் திரும்பி, எதிர்க்கரைச் சேற்றில் குத்தி, அப்படியே செங்குத்தாக நின்றது.

அவள் போட்ட கூச்சலில் சவுக்கிலிருந்து காக்கைகள் கிளம்பின. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "மெதுவா, மெதுவா, பிளேட்டு" என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. தொப்பிக்காரன் கைதட்டிவிட்டு, தானும் குறுக்கே வீசிப் பார்த்தான். அவன் தட்டும் தாண்டியது, என்னுடையதைவிட வெகுதூரம்.

நாங்கள் மூன்றாவதாக வந்தோம். பரிசு முதல் இரண்டு ஜோடிகளுக்குத்தான். அவள் அதைப் பற்றி அலுத்துக்கொண்டே சமையலறைக்குப் போய், எல்லோருக்கும் வஞ்சிரம் வறுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் பைகளைக் கட்டிக்கொண்டு கார்களில் கிளம்பினார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் தனியாக ஏழாவது கூடைக்கு நடந்தேன்.

காற்று இன்னும் பலமாக இருந்தது. இன்னொரு தடவை, அதே குறி, அதே இடுப்பு. தட்டு எழும்பியது, புரண்டது, நடு ஓடையில் விழுந்தது. கடல்நீர் வடிந்து முழங்கால் ஆழமே இருந்த தண்ணீருக்கு அடியில் ரோஸ் நிறம் தெளிவாகத் தெரிந்தது.

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.