பை கட்டும் ஞாயிற்றுக்கிழமைகள்

என் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாடிகளுக்கு நடுவில் பெட்டி நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்பான். அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப் பேர் அழுகையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் வாய்ச்சொல்லில் வீரர்கள். இவன் ஒருவன்தான் சொன்னதைச் செய்பவன்.

பையை முழுதாகக் கட்டாமல் அவன் எந்த வேலைக்கும் கிளம்ப மாட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டு, ஓடாத லிஃப்டுக்குப் பக்கத்துப் படிகளில் அத்தனை மாடியும் இறங்கி ஏறியவன். அதற்குப் பிறகு அவன் பையில் இல்லாத பொருள் கடையிலும் இல்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

அவனுக்கும் அவன் மனைவிக்கும் பிள்ளை இல்லை. தத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்து, ஒரு வசந்த காலத்தில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. அதற்குள் மூன்று வீடுகள் மாறிய பிள்ளைகள். ஓர் ஆண்டு வளர்த்த பிறகுதான், சட்டப்படி உங்கள் பிள்ளைகள் என்று தீர்ப்பு வரும். அந்த ஆண்டின் கோடை முடிவதற்குள் தம்பி மனைவி சமையலறையில் சுருண்டு விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் ஆறுவதற்குள் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். நல்ல பெண்மணிதான், சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"சார், மனு ரெண்டு பேர் சேர்ந்து போட்டது. இப்ப நீங்க தனி ஆளு. இலையெல்லாம் கொட்டி முடியற சமயம் நான் வந்து பாக்கறேன். பிள்ளைங்க உங்ககிட்ட ஒட்டிக்கிட்டாங்கன்னா பேசலாம். இல்லன்னா வேற வீடு பாக்கணும்."

"ஒட்டிக்குவாங்க மேடம்" என்றான் தம்பி.

அன்றிலிருந்து சனிக்கிழமை வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை வெளியே போவது என்று வைத்துக்கொண்டான். சனிக்கிழமைகளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் சட்டை மாட்டும் கொக்கிகள் அடித்தான். புத்தகத்துக்குப் பலகை அடித்தான். மேலும் கீழுமாக இருவர் படுக்கிற மாடிக் கட்டில் ஒன்றைத் தானே அறுத்துப் பூட்டினான். பெண் பிள்ளை உள்ளங்கையில் திருகாணிகளை வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தான்.

"அந்தப் பக்கம் இறங்கியிருக்கு" என்பாள்.

"எவ்ளோ மேஸ்திரி?"

"ஒரு நெகம் அளவு."

"அடேங்கப்பா, கட்டடமே சாய்ஞ்சிடும். கூலி எவ்ளோ வேணும் மேஸ்திரிக்கு?"

"தம்பிக்கு ஒரு பிஸ்கட்."

தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. சின்னவன், எங்கள் பொடியன், வந்த மாதமே என் தம்பியை அப்பா என்று கூப்பிட்டுவிட்டான். இவள் மட்டும் "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு தலைகீழாகிவிடும். பொடியன் காலையிலேயே வாந்தி எடுப்பான். மேஸ்திரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கட்டையாக நிற்பாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். காருக்குப் பயமோ என்று பஸ்ஸில் கூட்டிப் போனான். தூரம் பிடிக்கவில்லையோ என்று பக்கத்துப் பூங்காவுக்குப் போனான். எங்கே போனாலும் இரண்டும் பேய் அறைந்த முகத்தோடு ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"விட்டுத்தொலைடா" என்றேன். "வர மாட்டேங்கிற பிள்ளைங்கள எதுக்கு இழுத்துட்டுப் போற?"

"அவ இருந்தப்ப ஆசப்பட்டாக்கா. எல மஞ்சளாகறப்ப காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான் எதையோ மறக்கறேன். பையில இன்னும் ஏதாவது வெக்கணும்" என்றான்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முதுகுப் பை. நனைந்தால் மாற்ற உடுப்பு, துண்டு, காலுறை, பொடியனின் துணி முயல், சாப்பிட்ட பிறகு பல் தேய்க்கப் பிரஷ். வாரத்துக்கு வாரம் பை கனத்துக்கொண்டே போனது.

காட்டுக்குப் போன அன்று நானும் உடன் போயிருந்தேன். தரையெல்லாம் மஞ்சள் இலை. பக்கத்து மேசையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பொடியனைப் பார்த்து, "தங்கக்கட்டியாட்டம் இருக்கானே! எங்க வீட்டுக்கு வந்துடறியாடா ராசா?" என்றாள்.

மனைவி போன பிறகு தம்பி யாரிடமும் சிரித்துப் பேசி நான் பார்க்கவில்லை. அன்று சிரித்தான்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. பை எல்லாம் ரெடியாத்தான் இருக்கு!"

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவன் பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனான். நான் விரிப்பை உதறி மடித்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் இரண்டு பைகள் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

கூப்பிட்ட கூப்பாட்டில் எங்கள் தொண்டை கட்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. வனக்காவலர்கள் நாயோடு வந்தார்கள். பொழுது மசங்குகிற நேரத்துக்கு, நடைபாதைக்கு அடியில் தண்ணீர் போகிற சிமெண்ட் குழாய்க்குள் கண்டுபிடித்தார்கள். தன் மேல்சட்டையைப் பொடியனுக்குப் போர்த்தி, அவன் மேலேயே கவிழ்ந்து படுத்திருந்தாள். இழுக்கப் போன காவலரின் கையைக் கடித்துவிட்டாள். பொடியனின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று படுக்கவைத்து, மூக்கில் குழாய் மாட்டினார்கள்.

நடைக்கூடத்தில் தம்பி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"ஏம்மா ஓடின?"

அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பை கட்டினீங்கல்ல. பை கட்டினா வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. வெளிய போறோம்னுதான் சொல்வாங்க. பிரஷ் வெச்சா திரும்பி வர மாட்டோம்."

"நாமதான் ஒவ்வொரு வாரமும் திரும்பி வந்தோமே?"

"யாரும் கேக்கல, அதனால வந்தோம். இன்னிக்கு அந்த அம்மா கேட்டாங்க. நீங்க சரின்னுட்டீங்க."

அவள் காலில் ஈரம் காயாத காலுறை இருந்தது. தம்பி அதை மெதுவாகக் கழற்றினான்.

அதிகாரி வந்துகொண்டிருப்பதாக நர்ஸ் சொன்னதும் அவன் காதில் சொன்னேன்: "வழி தவறிடுச்சுங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பைகளை, பிரஷ்ஷை, தான் அடித்த ஜோக்கை, ஒன்று விடாமல்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நான் மறைக்க முடியாது சார்."

"மறைக்க வேணாம் மேடம். அதுங்க மேல தப்பில்லன்னு தெரியணும். என்கூட வர மாட்டேன்னு ஓடல. என்ன விட்டுப் போக மாட்டேன்னு ஓடியிருக்குங்க."

எனக்கு அந்த நேரத்தில் ஆத்திரம்தான் வந்தது. யானை தன் தலையிலே தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவன் பேசியது, லிஃப்ட் கதவிடுக்கில் பேசுகிற அதே குரல். அதை வேறு யாராலும் பேசியிருக்க முடியாது.

பொடியன் பிழைத்தான். குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசில் அடிக்கிறது. அது போகாது என்கிறார் டாக்டர். தத்துக்கு முடிவு சொல்கிற குழு பிள்ளைகளை அவனுக்குக் கொடுக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. முடிவை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிவைத்தது. அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளும் வந்து பார்ப்பார். அதற்குள் தாயும் தகப்பனுமாக நல்ல வீடு ஒன்று அமைந்தால், அதையும் யோசிப்பார்கள்.

இதை மேஸ்திரியிடம் சொல்லாதே என்றேன். அவளே அவனிடம் கேட்டுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை தம்பி பிள்ளைகளின் அறைக் கதவைக் கழற்றி முக்காலிகள் மேல் படுக்கவைத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க இங்கதான் இருப்போமா?"

"எனக்குத் தெரியாதும்மா. இருக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். விட மாட்டேன். ஆனா முடிவு என் கையில இல்ல."

அவள் கதவைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

"இதுக்கு ரெண்டு பக்கமும் பெயிண்டா?"

"ஆமா. ஒரு பக்கம் காய்ஞ்சப்புறம் மறுபக்கம்."

"அது காயறதுக்குள்ள எங்கள மாத்த வந்துடுவாங்களா?"

தம்பி தேய்ப்பதை நிறுத்தினான். அவள் கேள்விகளில் நிச்சயமாகப் பதில் தெரிந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"மாட்டாங்க" என்றான். "அதுக்குள்ள வர மாட்டாங்க."

அவள் போய்ப் பெயிண்ட் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.