நிறைகுடமாய் வைத்த தாடிச் சாடி

இதைக் கட்டுக்கதை என்றால் பூரணத்துக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயமான கோபம்தான். போன வருஷம், 1992 ஆனியில், அவளுடைய மகள் ஞானாம்பிகையின் கலியாணத்தன்று நடந்தது.

ஷெல்லடிக்குப் பயந்து வட்டுக்கோட்டைக்கு ஓடிவந்த குடும்பம். பித்தளைக் குடம் பழைய வீட்டோடு போயிற்று. நிறைகுடம் வைக்காமல் மாப்பிள்ளையை அழைக்க முடியுமா? கணவன் பஞ்சலிங்கம் ஒரு சாடியை இரவல் வாங்கி வந்தான். கடற்கரையோரம் டச்சுக்காரரான ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டை இடிபாட்டைச் சரித்திரம் படிப்பிக்கும் சண்முகநாதன் மாஸ்ரர் கிண்டுவித்தார். அங்கே இவனுக்கு மண்வெட்டி வேலை. ஜேர்மனியில் செய்து கப்பலில் வந்த, பட்டாளத்தார் குடிக்கப் பாவித்த சாடியாம். கழுத்தில் ஒரு தாடிக்காரன் முகம் புடைத்திருந்தது.

“உந்த முழி எனக்குப் பிடிக்கேல்லை,” என்றாள் பூரணம்.

“சுவர்ப்பக்கம் திருப்பி வையன். ஆர் பாக்கப்போகினம்?”

பூரணம் வாசலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, முட்டத் தண்ணீர் வார்த்து, மாவிலை செருகி, மேலே தேங்காய் வைத்தாள்.

பத்தே காலுக்கு வந்து பார்த்தால் முகம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. தேங்காயைத் தூக்கினாள். தண்ணீர் பாதிதான். வெடிப்பு இல்லை. கீழே ஈரமும் இல்லை... அபசகுனம் என்று யாராவது வாய் வைத்தால் மகளின் கலியாணம் என்னாவது? ஒருவரும் பார்க்குமுன் திரும்ப நிரப்பினாள்.

பதினொன்றரை. மடக்... மடக்... யாரோ விழுங்கும் சத்தம்.

சாடி வெறுமை.

மேளம் கேட்டது. படியில் கனத்த காலடி. மாப்பிள்ளைதான்! பதறிப்போய், குனிந்தபடியே கைகூப்பினாள்.

“வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ.”

சில்லென்று ஏதோ அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளை இன்னும் தெருவில், ஒழுங்கை முனையில்...

தாலி ஏறியது. சாடியை மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த வருஷம்தான் மாஸ்ரர் சொன்னார்: “அந்தச் சாடிக்குப் பக்கத்திலை எலும்புக்கூடுகள் கிடந்தது. எல்லாம் பூட்டின வாசலுக்கு வெளியிலை. கொள்ளை நோய்க்காரரை உள்ளுக்கை விடேல்லைப் போல கிடக்கு. தண்ணி கேட்டுக் கேட்டுச் செத்திருப்பினம்.”

பூரணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவரும் உள்ளே விடாதவனை வாசலில் நின்று அழைத்தவள் அவள். மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், நிறைமாதம். அவள் படுக்கும் அறையில் அந்தக் காலடி ஓயவேயில்லை. அழைத்த விருந்தாளியைப் போ என்று எந்த வாயால் சொல்வது? வந்தவர்தான் விடைபெற்று, “போட்டு வாறன்” என்று சொல்ல வேண்டும்.

அவன் இன்னும் சொல்லவில்லை.