கொடி மாதிரி இழுத்துக் கட்டிய செயின்

பிள்ளைகளே, உங்கள் அக்கா ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போன கதையை அம்மா சொல்லியிருப்பாள். அந்தக் கதையில் நான் முட்டாள். என் கதையிலும் அப்படித்தான், ஆனால் காரணத்தோடு.

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம். எங்கள் மோட்டார் சைக்கிளின் செயின் தொய்ந்துபோய், மூடியில் அடித்துக் கடகடவென்றது. பிலிமத்தலாவைச் சந்தி கராஜ்காரர் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவனுக்கு நட்டுத் திருகத் தெரியாதா? முற்றத்தில் ஸ்டாண்ட் போட்டு, பின்சில்லின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகாணிகளையும் சமமாகத் திருகினேன். அதில் குறை சொல்ல முடியாது. தொய்ந்த செயின் கழலும். ஆகவே தொய்யாத செயின் கழலாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. துணி காயப்போடும் கொடி மாதிரி இழுத்துக் கட்டிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுச் சுண்டிக் காட்டினேன்.

"நாளைக்கு பஸ்ஸிலயே கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அக்கா வெள்ளைச் சீருடையோடு, நெஞ்சில் பரீட்சைச் சுட்டிலக்க அட்டையைக் குத்திக்கொண்டு பின்னால் ஏறினாள். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், அப்போது செயின் இன்னும் இறுகும். ஸ்டாண்டில் சும்மா நின்ற வண்டி இதை எனக்குச் சொல்லவில்லை. வழியெல்லாம் உறுமியது. நல்ல இழுவை என்று பெருமைப்பட்டேன். பேராதனைக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் டக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது, நாங்கள் ஓடவில்லை. செயின் அறுந்து ரோட்டில் கிடந்தது.

அந்தப் பரீட்சை ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். மண்டபத்துக்குள் போக அரை மணித்தியாலமே இருந்தது. அக்கா அழவில்லை, என் கை மணிக்கூட்டைத்தான் பார்த்தாள். வண்டியை ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, விட மனமில்லாத செயினைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த கண்டி பஸ்ஸில் ஏறினோம். சனம் நிறைந்த பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். கேட்டடியில் பிள்ளைகள் தாய் தகப்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனார்கள். அக்காவும் குனிந்தாள். தலையில் வைக்கக் கையை நீட்டினேன். கை முழுக்கக் கறுத்த கிரீஸ்.

"வைக்காதீங்கப்பா. தள்ளி நின்னே ஆசீர்வாதம் பண்ணுங்க."

ஒரு கையில் செயின் தொங்க, மற்றக் கையை வெறும் காற்றில் தூக்கினேன். பார்த்தவர்கள் பஸ் மறிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

ஆளை ஏற்றி வைத்துக்கொண்டு செயினின் நடுவில் விரலால் அழுத்திப் பார், அப்போதும் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும் என்று பிறகு கராஜ்காரர் சொல்லித் தந்தார். சிரிக்காமல் சொன்னார், நல்ல மனிதர்.

மாதம் ஒரு தடவை அம்மா ஏன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குகிறாள் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். நான் ஸ்பானரை எடுத்ததுமே அக்கா கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவதும் இதற்காகத்தான்.